மணியை அடித்தால் இவர் எழுந்து நிற்பார்

என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிப் பல வருடங்கள் ஆன பிறகு, அதற்குள் ஒரு பெரிய கலைக் கண்காட்சி நடக்கப்போகிறது என்று முதலில் வந்து சொன்னது எங்கள் தெரு இஸ்திரிக்காரர்தான். கலை என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "உங்க ஊட்டுக்காரர் கம்பெனில பொருட்காட்சி போட்றாங்களாம்க்கா. ராட்டினம்லாம் வருமான்னு தெர்ல" என்றார். நான் சிரித்தேன். கணவர் சிரிக்கவில்லை. "கேட்ட தொறந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். தகட்டை வைப்பார், மேலிருந்து பிரஸ் இறங்கும், தகடு ஒரு மூடியாகவோ கிண்ணமாகவோ மாறி வெளியே வரும். அந்தச் சத்தம் அவர் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வீட்டில் நான் பேசும்போது என் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கல்யாணமான புதிதில் அதை ஆசை என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுவிட்டன. கட்டுப் பிரித்ததும் அதே மெஷினுக்குத்தான் திரும்பிப் போனார். வேறு வேலை மாற்றிக் கேட்கச் சொன்னேன். "அது இன்னா பண்ணும் பாவம், நான்தான் தூங்கிட்டேன்" என்றார். மெஷினைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்.

ஒரு நாள் முதல் ஷிஃப்டுக்குப் போனவர், நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் திரும்பி வந்துவிட்டார். நாங்கள் இருக்கும் கொரட்டூரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், அன்றைக்குப் பரீட்சை. கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள் என்றார். "நாளைக்கு தொறந்துடுவாங்க" என்றார். கொஞ்ச காலம் தினமும் சாப்பாட்டுப் பையோடு போய் அந்தக் கேட்டின் எதிரே டீக்கடையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருப்பார். கேஸ் போட்டார்கள். கேஸ் நடக்கிறது என்றுதான் இப்போதும் சொல்கிறார்கள். அப்புறம் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். வண்டி உள்ளே வரும்போது கேட்டைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். பாதி விரல்கள் நெற்றியில் தெரிவது ஒரு வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லையாம். இடது கையால் அடிக்கச் சொன்னார்களாம். இதைக்கூட ஒரு வேடிக்கை போலத்தான் வீட்டில் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கண்காட்சிக்காக ஒரு பெண் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். கம்பெனி எதிர் டீக்கடையில் விசாரித்து வந்திருந்தாள். முப்பதைத் தாண்டிய வயது, கதர் சேலை, ஆண்பிள்ளைக் கிராப். நகரத்துக்குள் பிறந்து வெளிநாட்டில் ஓவியம் படித்தவள். நாற்காலி போட்டும் தரையில்தான் உட்கார்ந்தாள். என் கணவரைப் பார்த்து, "சார், உங்களோட கொஞ்சம் பேசலாமா?" என்றாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தான் கேட்டது சரிதானா என்று அவருக்குச் சந்தேகம்.

"உங்களத்தாங்க சார்னு கூப்பிடறாங்க" என்றேன்.

அவள் எதையும் மறைக்கவில்லை. கம்பெனிக் கட்டிடங்களை விற்பதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் கண்காட்சிக்கு விட்டிருக்கிறார்கள், பல ஊர்களிலிருந்து கலைஞர்கள் வருகிறார்கள், அதிகாரம், அடையாளம் இரண்டையும் பற்றித்தான் எல்லாப் படைப்புகளும் என்றாள். அவளுடைய படைப்பில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதிகாரிகள் மேசையில் தட்டி ப்யூனைக் கூப்பிடுவார்களே அந்த மாதிரி ஒரு மணி. நாற்காலியில் அங்கே உண்மையாகவே வேலை செய்த ஒருவர் பழைய யூனிஃபாரத்தில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு பலகை: இந்த மணியை அடித்தால் இவர் எழுந்து நிற்பார்.

"அவ்ளோதானா?" என்றார் என் கணவர்.

"அவ்ளோதான் சார். ஆனா யாரும் அடிக்க மாட்டாங்க. அடிக்கக் கை வரும், அப்புறம் உங்க முகத்தைப் பார்ப்பாங்க, கையை எடுத்துடுவாங்க. அந்தத் தயக்கம்தான் நான் செய்யற வேலை. அந்த ஒரு நிமிஷத்துல அவங்களுக்குத் தங்களைப் பத்தித் தெரியும்."

"அடிச்சா?"

"அடிச்சாலும் நீங்க எழுந்திருக்கணும்னு கட்டாயம் இல்ல. இஷ்டம் இல்லன்னா உட்கார்ந்தே இருங்க. அதுவும் ஒரு பதில்தான்."

அவர் யோசித்தார். "போர்டுல நிப்பார்னு எழுதிகினு நான் நிக்கலைன்னா அது பொய்யாயிடாது?" என்று கேட்டார்.

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். எனக்கு அவள் பார்வை பிடித்திருந்தது. கெட்ட பெண் இல்லை. இதைப் படிப்பவர்கள் அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் அவரை அவ்வளவு மரியாதையோடு நடத்தியவர்கள் வேறு யாரும் இல்லை.

கண்காட்சிக்கு முன்னால் இடம் பார்க்க அவரை அழைத்துப் போனாள். சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தார். மெஷின்களையெல்லாம் எப்போதோ பிடுங்கி விற்றுவிட்டார்களாம். ஷெட்டு முழுக்க வெள்ளை அடித்து மேலே விளக்கு போட்டிருக்கிறார்களாம், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறதாம். ஆனால் தரையில் அவருடைய மெஷின் நின்ற இடத்தில் போல்ட் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. எண்ணெய்க் கறை போகவில்லை.

"இங்கியே நாற்காலிய போட்டுக்கலாமாம்மான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி வந்துட்ச்சு. தாராளமா போட்டுக்கலாம் சார்னுச்சு" என்றார்.

அவர் பழைய சட்டையைக் கொண்டுபோய் அதே போலப் புதிதாகத் தைத்துக் கொடுத்தாள். மார்பில் அவருடைய பழைய டோக்கன் எண்ணையும் தைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன் நின்றார். கம்பெனி மூடியதிலிருந்து அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. எனக்கும் ஆசை வந்துவிட்டது. செக்யூரிட்டி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு கிளம்பினார். தெருவில் யார் கேட்டாலும் "கம்பெனிக்குப் போறேன்" என்றார். கம்பெனியைத் திறந்துவிட்டார்கள் என்று நம்பி, கூட வேலை செய்த ஒன்றிரண்டு பேர் எங்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் டீகூடக் குடிக்காமல் போனார்கள்.

முதல் சில நாட்கள் நான் போகவில்லை. பள்ளியில் திருத்த வேண்டிய தாள்கள் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் கேட்பேன், "யாராவது அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க, ரெண்டு மூணு பேரு."

"நின்னீங்களா?"

"நிக்காம?"

ஆனால் அவர் முட்டி வீங்க ஆரம்பித்தது. செக்யூரிட்டி வேலையில் ஏற்கெனவே இருந்த வலிதான் என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சிநேகிதர் வந்தார். அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர், எங்கள் கல்யாணத்துக்கு மேளம் பேசி முடித்தவர். வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, நாளைலேர்ந்து அவன போவ வேணான்னு சொல்லு."

"ஏண்ணா, இன்னா ஆச்சு?"

"நான் போய்ப் பாத்தேன். கொரங்காட்டம் ஒக்கார வெச்சிகிறாங்க. சின்னப் பசங்க டிங்கு டிங்குனு அடிக்கிறானுங்க, இவன் எய்ந்து எய்ந்து நிக்கிறான். மச்சான் வாடா போலாம்னு கைய புடிச்சி இஸ்தேன். வேலை நேரத்துல பேசக் கூடாது மாமேன்றான் என்னாண்ட." தலையில் அடித்துக்கொண்டார். "வேலை நேரமாம்" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அன்றைக்கே பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளும் போன் செய்தாள். யாரோ எடுத்த சின்ன வீடியோ எல்லோர் போனிலும் சுற்றுகிறதாம். ஒரு பையன் மணியை அடித்துவிட்டு அடித்துவிட்டுச் சிரிக்கிறான். பின்னால் அவள் அப்பா எழுவதும் உட்காருவதுமாக இருக்கிறார். அதற்குப் பாட்டு வேறு போட்டிருக்கிறார்கள். "ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுப் பொண்ணு எனக்கே காட்டறாம்மா. எங்க அப்பான்னு நான் சொல்லல" என்று அழுதாள். அப்பாவிடம் பேசுகிறாயா என்றேன். வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளியிலிருந்து நேராக ஷேர் ஆட்டோ பிடித்து எஸ்டேட்டுக்குப் போனேன்.

கேட்டிலிருந்தே கூட்டம். உள்ளே நுழைந்ததும் ஒரு பிரம்மாண்டமான சிலையின் கால்கள். முழங்காலுக்கு மேல் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நகமே என் முகத்தளவு இருந்தது. யாருடைய கால் என்று எழுதவில்லை. அடுத்த ஷெட்டில் அடையாள அட்டைப் புகைப்படங்களைச் சுவர் முழுக்கப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அப்புறம் ஓர் இருட்டு அறை. உள்ளே போனால் பல குரல்கள் மாறி மாறி, மிக நயமாக, "உங்களுக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தன. எதற்காக அப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். வாடகை வீடு தேடும்போது ஒவ்வொரு வாசலிலும் எங்களைக் கேட்டது அதே கேள்வி, அதே நயம். அந்த இருட்டில் வெகு நேரம் நின்றேன். இதைச் செய்தவர் நம்மைப் போல ஓர் ஆள்தான் என்று நினைத்தேன். கலை என்பது இதுதான் போலிருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் பிரஸ் ஷாப்புக்குப் போனேன்.

அவரைச் சுற்றிப் பெரிய வட்டமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் மணியின் மேலேயே இருந்தன. ஏன் என்று எனக்குப் புரிந்தது. அவ்வளவு பேச்சுச் சத்தத்தில் அவர் காதுக்கு மணி ஓசை எட்டாது. யாருடைய கை இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுந்துகொண்டிருந்தார்.

அந்தப் பெண் சொன்ன மாதிரி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறையப் பேர் பலகையைப் படித்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். "பாவம்" என்றார்கள். சொல்லிவிட்டு நகர்ந்து போனார்கள். அடிக்காதவர்கள் ஒருவரும் அங்கே நிற்கவில்லை, அடிக்கிறவர்கள்தான் நின்றார்கள். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்திருந்தார்கள். ஆசிரியை, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா" என்றாள். ஒருவன் அடித்தான், அவர் எழுந்தார். உட்காரப் போகும்போது அடுத்தவன் அடித்தான். பாதி உட்கார்ந்த உடம்பு அப்படியே மறுபடி எழுந்தது. நானும் ஆசிரியைதான். அந்த வரிசை எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்பதையும் கவனித்தேன். ஓர் இளைஞன் மணியை அடித்துவிட்டுத் தன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அவன் தன்னைப் பார்க்கட்டும் என்று இவர் நின்றுகொண்டே இருந்தார்.

அப்போது ஷெட்டு வாசலில் ஒரு சலசலப்பு. கண்காட்சிக்காரர்கள் சிலர் ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். ஊன்றுகோல், வெள்ளைச் சட்டை. கம்பெனி நடந்த காலத்தில் அங்கே மேனேஜராக இருந்தவர். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு போகும்போது நானும் அவரைப் பார்த்திருக்கிறேன்; என் மகளுக்குப் பொரியும் சுண்டலும் கையில் கொடுத்திருக்கிறார்.

அவர் இன்னும் மேசைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. யாரும் மணியைத் தொடவில்லை. என் கணவர் எழுந்து நின்றார்.

இத்தனை நேரம் எழுந்த மாதிரி இல்லை அது. நாற்காலி பின்னால் நகர்ந்து கீச்சென்றது. கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. அடிபட்ட கை மட்டும் தானாகப் பின்னால் போயிற்று. கூட்டத்தில் பேச்சு நின்றது.

மேனேஜர் பலகையைப் படித்தார். "மணியே அடிக்கலையே, நிக்கிறாரே" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணிடம், "ஆக்டரா?" என்று கேட்டார்.

"இல்ல சார். இங்கேயே வேலை செஞ்சவர்."

"அப்படியா?" என்று அவரை நிமிர்ந்து பார்த்தார். "எந்த டிபார்ட்மென்ட்?"

"பிரஸ் ஷாப் சார்."

"ஓ, பிரஸ் ஷாப்பா. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா கீறேன் சார்."

தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போனார். பெயர் கேட்கவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது; ஷிஃப்டுக்கு ஷிஃப்டு அத்தனை பேரைப் பார்த்தவர்; ஞாபகம் இல்லாமல் போகலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய ஊன்றுகோல் கண்ணிலிருந்து மறையும் வரை என் கணவர் உட்காரவில்லை. யாரோ கைதட்டினார்கள். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

அந்தப் பெண் என்னைக் கண்டுகொண்டு ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் எழுதி வெச்சிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது. இதைவிட உண்மையா ஒண்ணு நான் செய்யவே முடியாது" என்றாள். அவள் சந்தோஷப்படுகிறாளா துக்கப்படுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார். நான் வந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அடக்க முடியவில்லை.

"அவர் வந்தப்போ ஏங்க எழுந்தீங்க?"

"மணி அடிச்சாருல்ல."

"அடிக்கலைங்க. யாருமே அடிக்கல."

என் வாயையே பார்த்தார். "அடிச்ச மாரிதான் கேட்டுச்சு" என்றார்.

மணி சத்தம் அவருக்குக் கேட்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கொரட்டூர் வந்தது. இறங்கும்போதுதான், "போதுங்க. நாளைக்குப் போக வேணாம்" என்றேன்.

"ஒத்துகினு பாதில வுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அங்க போய் ஒக்காந்தா என் எடத்துல ஒக்காந்த மாரி கீதும்மா. வேற எங்கியும் அப்டி இல்ல" என்றார். வீட்டைச் சொல்லவில்லை, தெருவைச் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் உட்கார வைத்த இடமெல்லாம் அவருக்கு யாரோ ஒருவருடைய இடமாகத்தான் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் ஒரு நாளிதழில் அந்தப் படம் வந்தது. மேனேஜர் தோளில் கை வைத்திருக்கிறார், இவர் நிற்கிறார். மேனேஜர் பெயரும் கலைஞரின் பெயரும் கீழே இருந்தன. இவரைப் பற்றி, படைப்பில் பங்கேற்ற ஒருவர் என்று போட்டிருந்தது. இவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டார்.

நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து மணியை எடுத்துவிடச் சொன்னேன். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "நானும் அதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன் அக்கா. எடுத்துடறேன்" என்றாள். சொன்னபடியே மறுநாள் காலை மணியையும் பலகையையும் எடுத்துவிட்டாள்.

அன்று மத்தியானமே போன் செய்தாள். வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்கள் மணி எங்கே, மணி எங்கே என்று கேட்டார்களாம். ஒருவர் மேசையைத் தட்டினாராம். இவர் எழுந்தாராம். ஒரு பெண்மணி விரலைச் சொடுக்கினாளாம். எழுந்தாராம். அப்புறம் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எதிரே யார் வந்து நின்றாலும் எழுந்தாராம். "எழுந்திருக்காதீங்க சார், தயவுசெய்து உட்காருங்கன்னு கெஞ்சினேன் அக்கா. சரிம்மான்றார். அடுத்த ஆள் வந்ததும் எழுந்துடறார்." மேலும் சொன்னாள். "மணி இருந்தாலாவது தப்பு அடிக்கறவங்க மேல இருக்கும். இப்ப பார்க்கவே முடியல." கண்காட்சியை நடத்துகிறவர்கள் மணி இல்லாமலே இருக்கட்டும், இதுதான் இன்னும் ஆழமாக இருக்கிறது என்றார்களாம். இவள் சண்டை போட்டு மணியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

அதன் பிறகு நானும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன், முட்டிக்குத் தைலம் தேய்த்தேன். அவர் தினமும் போனார், வந்தார். மகள் பொங்கலுக்கு வந்தவள் அப்பாவோடு டிவி பார்த்தாள், அப்பாவுக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்தாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. நாளிதழ்ப் பக்கத்தை அவளுக்குக் காட்டத்தான் எடுத்து வந்தார் என்று நினைக்கிறேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கண்காட்சி முடிந்ததும் ஷெட்டுகளை இடித்தார்கள். ஆன்லைனில் சாமான் விற்கிறவர்களுக்குக் கிடங்கு வருகிறதாம். இவர் போய்ப் பார்க்கவில்லை. அயனம்பாக்கம் குடியிருப்பில் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இப்போது திருமுல்லைவாயல் பக்கம் ஒரு மருந்துக் கிடங்கில் இருக்கிறார். அங்கே நாற்காலி கிடையாது.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் போன் செய்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்; அவர் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அந்தப் படைப்பை வடக்கே ஒரு பெரிய ஊரில், ஒரு பெரிய கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றாள். அவருடைய சம்மதம் வேண்டும். அந்தச் சட்டையையும் அனுப்பி வைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தாராளமாம்மா. துவைச்சி இஸ்திரி போட்டு அனுப்பறேன்" என்றார்.

"ரொம்ப நன்றி சார். அங்கேயே, அந்த ஊர்ல ஒரு மில்லுல வேலை பார்த்தவர் ஒருத்தரைப் பேசியிருக்கோம். உங்களுக்கு மறுபடியும் அந்தக் கஷ்டத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரல."

"சரிம்மா. நல்லதும்மா."

போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நீ வர்றியான்னு ஒரு வார்த்த கேக்கலியே" என்றார்.

"உங்க காலு வலிக்குதேன்னுதாங்க கேக்கல. நல்ல மனசு அவங்களுக்கு."

"அது இல்லம்மா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒயுங்கா பண்ணலியோ?"

கோபமாவது வரும் என்று எத்தனையோ நாள் காத்திருந்தேன். அந்தப் பெண் மேல், மேனேஜர் மேல், சிரித்த பையன் மேல், ஒன்றும் இல்லாவிட்டால் என் மேல். வரவில்லை. இனி வராது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். "நல்லாத்தாங்க பண்ணீங்க" என்றேன். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது; இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சில வாரம் கழித்து, அந்த ஊர்க் கண்காட்சியின் வீடியோ வந்திருக்கிறதா என்று போனில் தேடித் தரச் சொன்னார். கிடைத்தது. வெள்ளைச் சுவர், மேலே விளக்கு, இந்தியில் ஒரு பலகை. ஒல்லியான ஒரு பெரியவர் இவர் சட்டையில் உட்கார்ந்திருந்தார். தோள் பக்கம் தொளதொளவென்று இருந்தது. ஒரு கை வந்து மணியை அடித்தது. அவர் எழுந்தார். இன்னொரு கை வந்தது. எழுந்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கிட்டத்தில் வைத்து, அது முடியும் வரை பார்த்தார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

"இந்தாளுக்கு முட்டி வலி இல்ல போலகீது" என்றார். "டக்குனு எய்ந்துடறாரு பாரு."